காலில் இருந்த நூல்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். இதுவரை நான் எழுதியதெல்லாம் படம் போடும் உறைகளின் மேல் பெயரும் அளவும்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கலர் லேபில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலைக்குக் கரெக்‌ஷன் என்று பெயர். மணப்பெண்ணின் முகப்பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைப்பது. இவையெல்லாம் முகூர்த்த மாதங்களில் மட்டும். வருடம் முழுவதும் வருவது பட்டுப் புடவைப் படங்கள். கடைக்காரர்கள் புடவையை விரித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். நெருக்கமாக எடுத்த படத்தில் கரையோரம், முந்தானை ஓரம் என்று ஒன்றிரண்டு இழை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிசிறு என்போம். பிசிறு தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் பழைய புடவை என்று நினைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது புடவைக்குப் பிசிறு எடுத்திருக்கிறேன். கண் பார்ப்பதற்கு முன்பே கை எடுத்துவிடும்.

அக்கா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் முறை லேபுக்கு வந்தபோது ஒரு மீன்கொத்திப் படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்தார். படம் மங்கலாக இருந்தது. பாவம், கேமரா சரியில்லை போல என்று நினைத்து, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கிப் போட்டு வைத்தேன். மறுநாள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பிரிண்டை வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரு வானம்பா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மூடிக்கினு இருந்துது. தூறல் வேற. இவ்ளோ வெயில் அடிச்சிருந்தா இந்தக் குருவி இந்தப் பக்கமே வந்திருக்காது. மூடினது மூடினாப்லயே போட்டுக் குடு."

திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். அந்த மங்கல் வானத்தைப் பார்த்ததும்தான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் படம் என்றால் நான் எதையும் தொடமாட்டேன். ஒன்றே ஒன்றைத் தவிர. கேமராவுக்குள் தூசி புகுந்தால் படத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக விழும். அதை மட்டும் எடுக்கச் சொல்வார். "அது ஏரில இல்ல, என் கேமராவுல இருக்குது. அத எடுக்கலாம். போட்டி ரூல்ஸ்லயே அப்டிதான் போட்டிருக்கான்."

போட்டி என்பது பறவை, விலங்குப் படங்களுக்கான போட்டி. உள்நாடு, வெளிநாடு என்று வருடம் முழுக்க எங்கேயாவது நடந்துகொண்டிருக்கும். வீட்டில் கணினி இல்லாததால் எங்கள் லேபில் இருந்துதான் அனுப்புவார். வேலை முடிந்து வந்து, என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, படத்தை அவர்கள் கேட்கும் அளவுக்குக் குறைக்கச் சொல்லி, தன் கையாலேயே அனுப்புவார். முடிவு வந்தாலும் அதே முக்காலிதான்.

"பதினஞ்சுக்குப் பத்துபா."

"எத்தினிக்குக்கா பாஸ்?"

"பன்னெண்டு. நம்ம ஊரு மூணாங்கிளாஸ் பசங்க மாதிரி நானு. வருஷா வருஷம் அதே கிளாஸு." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அவர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பெரிய லென்ஸ்காரர்கள். ஒருமுறை அக்காவின் படத்துக்குக் கீழே ஒருவர், "மேடம், இது பறவையா எக்ஸ்ரேயா?" என்று போட்டிருந்தார். பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அக்கா அதை என்னிடம் காட்டி, "கரெக்டாதான் கேக்கறான். கறுப்பாதான் இருக்குது" என்றார். சொன்னது உண்மை என்றால் அவருக்குக் கோபம் வராது.

என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது அந்த மருத்துவமனைக்குத்தான் கூட்டிப்போனேன். அம்மா பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "சும்மா ஒண்ணுமில்ல, சரியாப்பூடும்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினேன். அவர் உள்ளே போய் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, "இப்ப வலிக்கும்மா. ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறமும் வலிக்கும். மூச்ச புடிச்சுக்கினு அசையாம இருங்க" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அம்மா நடுக்கத்தை நிறுத்திவிட்டது. வெளியே வந்ததும், "அந்தப் பொண்ணு வாயில பொய் வராதுடா" என்றது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஏரிக்குப் போனேன். ஏரியைப் பார்த்துவிட்டு சர்ச்சில் இரண்டாவது ஆராதனைக்குப் போவது அவர் வழக்கம். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே எனக்கு வெட்கமாக இருந்தது. திருப்புட்குழியைத் தாண்டி ஒரு கரையில் இறங்கினோம். நாரை ஒன்று கொஞ்ச தூரத்தில் நின்றது. குறுக்கே ஒரு வேலிக்காத்தான் கிளை. அதை மெதுவாக வளைத்துப் பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதபா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். நாரை அரை மணி நேரம் அங்கேயே நின்றது. அக்கா அந்தக் கிளையோடு சேர்த்து இரண்டு படம் எடுத்தார், இரண்டும் வீண். தண்ணீர் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை மிதந்தது. அதையும் தொடவில்லை. நாரை பறந்துபோன பிறகு போய் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத முன்னாடியே எடுத்திருந்தா படம் நல்லா வந்திருக்குமேக்கா?"

"படம் நல்லா வர்றதுக்காக எடுத்தா அது வேற கணக்குபா" என்றார். அன்று எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

இனி அந்தப் படம்.

நெடுங்கால் உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. கறுப்பு வெள்ளை உடம்பு, குச்சி போல நீளமான சிவந்த கால்கள். அது ஆடாத தண்ணீரில் நிற்கிற படம். போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். கூட வேலை பார்ப்பவர் வராததால் அக்காவுக்கு இரட்டை டூட்டி. மதியமே கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் போன் செய்தார்.

"என்னால வர முடியாது போலக்குதுபா. தூசிய மட்டும் எடுத்துட்டு நீயே அனுப்பிடறியா?"

தன் படத்தை இன்னொருவர் கையில் அவர் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. படத்தின் தலைப்பை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். என்ன அர்த்தம் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

அன்று ஆடித் தள்ளுபடிக்காக ஒரு கடையின் புடவைகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து பிசிறு எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அக்காவின் படத்தைத் திறந்தேன். சாம்பல் புள்ளிகள் ஐந்தாறு. எடுத்தேன். பறவையின் காலில் இருந்து தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய சிவப்பு இழை நீண்டிருந்தது. அதையும் எடுத்தேன். அனுப்பினேன். அடுத்த புடவையைத் திறந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்வது சுலபம். யோசித்துப் பார்க்கும்போது, அந்த இழையை நான் பார்த்தேன் என்பதும் நிஜம்தான்.

அந்தப் படத்துக்குப் பதினைந்துக்குப் பதினான்கு. பரிசுக்கு எடுத்துவைத்திருக்கிறோம், கேமராவில் விழுந்த அசல் படத்தை அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. அக்கா அன்று லேபில் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக்கொண்டு வந்தார். என் கையில் இரண்டு வைத்தார். "உன் கை ராசிபா" என்றார். அசலை அவரே அனுப்பினார். குழுவில் பெரிய லென்ஸ்காரர்கள் எல்லோரும் வாழ்த்துப் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து வந்தார். முக்காலியில் உட்காரவில்லை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுபா."

வைத்தேன். இடது பக்கம் அசல். பெரிதாக்கச் சொன்னார். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பட்டு நூல். சாயம் போட்ட சிவப்புப் பட்டு. இரண்டு கால்களையும் சேர்த்து நாலைந்து சுற்று சுற்றி, மீதி தண்ணீரில் கிடந்தது. நெசவுக் கழிவு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகும். அதில் சிக்கியிருக்கிறது. வலது பக்கப் படத்தில் தண்ணீரில் நீண்ட நூல் இல்லை. காலைச் சுற்றியது மட்டும் சிவப்போடு சிவப்பாக இருந்தது.

அவர் சொல்லி நான் தட்டிய தலைப்புக்குக் கட்டுண்ட கால்கள் என்று அர்த்தமாம்.

"நான் பறவைய நூல்ல கட்டிப்போட்டு, படம் எடுத்து, அப்புறம் நூல அழிச்சிட்டேன்னு போட்டிக்காரங்க சொல்றாங்க" என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "அன்னிக்கு எடுத்த மத்த படத்தையும் அனுப்பினேன். அதெல்லாம் இருக்கட்டும், நூல அழிச்சது யாரு, எதுக்குன்னு கேக்கறாங்க. ஏழு நாள் டைம் குடுத்திருக்காங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நா தண்ணில எறங்கினதே இல்லபா, உனக்குத் தெரியும். அன்னிக்கு எறங்கினேன். அவுத்து விட்டுடலாம்னு. இடுப்பு வரைக்கும் போனேன். அது அப்டியே நூலோட பறந்துடுச்சு. மூணு வாரம் போய்ப் பாத்தேன். காணல."

"நான்தான்க்கா எடுத்துட்டேன். பிசிறுன்னு..."

"தெரியும்பா. அத அப்டியே தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. போதும்" என்றார்.

"நாளைக்கு எழுதித் தர்றேன்க்கா."

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்கா போனதும் கூப்பிட்டார்.

"யோவ், இன்னா எழுதப் போற?"

"நடந்ததுதான் மொதலாளி."

"ஆக்சிடென்ட் படம், எடத் தகராறு படம், கோர்ட்டுக்குப் போற படமெல்லாம் நம்மகிட்டதான் பிரிண்டுக்கு வருது. கேக்காமலே படத்துல கை வெப்போம்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா. நாளைக்கு எந்த வக்கீலு உள்ள வருவான்? அந்தம்மாவுக்குப் போனா ஒரு கப்பு. நமக்கு?"

முதலாளி தடுத்துவிட்டார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கேயோ இருக்கிற படித்தவர்கள் உட்கார்ந்து என் கடிதத்தைப் படிப்பார்கள், இவன் யார் என்று கேட்பார்கள் என்று நினைத்து, எடுத்த பேனாவைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அக்கா மறுநாள் வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் இருந்துவிட்டு, "வரேன்பா" என்று போனார். அதற்கு மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் மேசை ஓரத்தில் வைத்தார். நான் அதை எடுத்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். ஐந்தாம் நாள் எனக்கே பொறுக்காமல், "நீங்களே எழுதிடுங்கக்கா, லேப்காரன் பண்ணிட்டான்னு. என் பேரையும் போட்டுடுங்க" என்றேன்.

"நீ சொல்ல வேண்டியத நான் எப்டிபா எழுதறது?"

ஏரிக்கரையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதே உட்கார்வுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், எதையும் வளைக்காமல், எதையும் கலைக்காமல். தானாக நடக்க வேண்டியது தானாக நடக்கட்டும் என்று. திட்டியிருந்தால் எழுதியிருப்பேன். அழுதிருந்தால்கூட எழுதியிருப்பேன். ஏழாம் நாள் கடை மூடும் நேரம்வரை இருந்தார். நான் தேவையில்லாத படத்தையெல்லாம் திறந்து திறந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் எழுந்து முக்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். "வரேன்பா" என்றார்.

அவர் என்ன பதில் அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது. நான் கட்டவில்லை, நான் அழிக்கவில்லை, இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவ்வளவுதான். இனி எந்தப் போட்டியிலும் சேர்க்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியலை இணையத்தில் போட்டார்கள். அதில் அவர் பெயர், ஊர், காரணம். குழுவில் இருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் ஒரு ஆட்டோக்காரர்கூட, "இன்னாக்கா, கொக்குக்குக் கட்டுப் போட்டீங்களாமே, எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் லேபுக்கு வந்தார். பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்றார். நானே எடுத்தேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் திரையில் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ கறுத்துப்போயிருக்குது, இல்ல?"

"எடுத்துடவாக்கா?"

"வேணாம்பா."

கொரோனா இரண்டாவது அலையில், நெஞ்சுப் படம் எடுக்க வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் எடுத்து எடுத்து, அவருக்கும் வந்தது. பத்து நாளில் போய்விட்டார். அடக்கத்துக்கு யாரையும் விடவில்லை. விட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன். புடவைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இப்போதெல்லாம் ஒரு பிசிறை எடுக்கும் முன் கை தானாக நின்றுவிடுகிறது. பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். சில நாள் சுத்தமாக வெள்ளைத் திரையில்கூட ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்.

போன மாதம் ஒருவர் வந்தார். அக்காவின் தம்பி, திருவள்ளூரில் இருக்கிறாராம். ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"அக்கா சாமான்ல இருந்துது. நீங்கதான் அவங்க படமெல்லாம் பாப்பீங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்து சொல்லுங்க."

திறந்தேன். ஏரிகள், மூடிய வானங்கள், கிளைக்குப் பின்னால் நிற்கும் நாரை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு அவ அத்த பேர போன்ல அடிச்சுப் பாத்திருக்குது. முதல்ல வர்றதே அந்த லிஸ்ட்டுதான். அத்த பறவையக் கட்டிப்போட்டு படம் எடுத்தாங்களாப்பான்னு கேக்குது. எனக்கு பதில் சொல்லத் தெரியல." என் முகத்தைப் பார்த்தார். "எங்கக்கா அப்டி பண்ணியிருப்பாளா?"

இத்தனை வருடம் கழித்து, வெறும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். நூல் தானாகச் சிக்கியது. அதைப் படத்திலிருந்து அழித்தவன் நான்.

அவர் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கினேதான் சும்மா இருந்தாளா?" என்றார். பிறகு, "அவ அப்டிதான்" என்றார். போகும்போது, "என் பொண்ணுகிட்ட சொல்லிடறேன். ஆனா லிஸ்ட்டுல இருக்குதே, அத இன்னா பண்றது?" என்று கேட்டார்.

அவர் போனதும் தாள் எடுத்து எழுதினேன். இரண்டு வரி என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஆனது. என் பெயர், வயது, லேபில் என் வேலை, பிசிறு என்றால் என்ன, அன்று எத்தனை புடவை, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளிக்குக் காட்டினேன். அவருக்கும் வயதாகிவிட்டது. படித்துவிட்டு, "அனுப்பு" என்றார். பக்கத்துக் கடையில் படித்த பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள். அக்காவுக்கு வந்த பழைய கடிதத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, அசல் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பார்த்தேன். கடிதம் திரும்பி வந்திருந்தது. அப்படி ஒரு முகவரி இப்போது இல்லை என்று இருந்தது. அந்தப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் தட்டினேன். அது திறந்தது, அக்காவின் பெயரோடு.